மூத்த வீட்டுச் சீமாறு

எங்கள் சபையில் பதவிச் சண்டை கிடையாது. செயலாளர் வேலைக்கு ஆள் பிடிக்க வீடு வீடாக அலைய வேண்டும். பொருளாளர் என்று பேச்செடுத்தாலே ஆம்பிளைகள் மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்துகொள்வார்கள். நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுக்காகத்தான். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சைக் கூட்டிப் பெருக்கும் உரிமை யாருக்கு என்பதற்காக.

நான் ராசிபுரத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர்ச் சர்ச்சில் கூட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு. அவர் வந்தாரா போனாரா என்றுகூட யாரும் கவனித்ததில்லை. கல்யாணம் முடிந்து, கொண்டை ஊசி வளைவுகளில் வழியெல்லாம் வாந்தியெடுத்து, கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் இருக்கும் மாமியார் வீட்டில் வந்து இறங்கினேன். ஜெபம் முடிந்ததும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் முதலில் காட்டியது அடுப்படியை அல்ல. சுவரில் இயேசு படத்துக்குக் கீழே ஓர் ஆணி. அந்த ஆணியில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சீமாறு. சீமாறு என்றால் எங்கள் பக்கத்தில் துடைப்பம்.

"நல்லாப் பாத்துக்க கண்ணு. எனக்கப்புறம் இது உனக்குத்தான்" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நகை இருக்கிறது, மிளகுத் தோட்டம் இருக்கிறது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். துடைப்பத்துக்கு வாரிசு என்று யாரும் மூச்சுவிடவில்லை.

கதை இதுதான். ரொம்ப காலத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார மிஷனரி இந்த மலையில் முதல் ஜெபக்கூடத்தைப் புல் வேய்ந்து கட்டினாராம். சனிக்கிழமையானால் அவரே குனிந்து கூட்டுவாராம். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியவர், அதனால் ஆண்டவர் வீட்டில் எது சின்ன வேலையோ அதுதான் பெரிய வேலை என்று சொல்லிக்கொடுத்தாராம். நல்ல மனுஷன். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். கோயில் திருவிழாவில் முதல் மரியாதை எந்த வீட்டுக்கு, இரண்டாம் மரியாதை எந்த வீட்டுக்கு என்று தலைமுறை தலைமுறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். கோயிலை விட்டு வந்தார்கள், சரி. மரியாதையை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? சின்ன வேலைதான் பெரிய வேலை என்று மிஷனரி சொன்னதில் 'பெரிய' என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்தது. மனுஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த கையோடு மூத்த வீட்டுக்காரர்கள், அதாவது என் புகுந்த வீட்டார், சீமாற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் வீட்டுக்குப் பெஞ்சு துடைக்கும் உரிமை, மூன்றாம் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் உரிமை. தாழ்மையைக்கூட வரிசை போட்டுப் பங்கு பிரித்துக்கொண்ட சபை உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மாமியார் கூட்டப் போகிற அழகைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானமே தலைக்குக் குளித்துவிடுவார். வெள்ளைச் சேலை. சீமாற்றை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நடப்பார். எதிரே வரும் பைக்குக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். சர்ச்சுக்கே வராத அக்கம்பக்கத்து விவசாயிகள்கூட, "பெரியம்மா கூட்டப் போறாங்க" என்று எழுந்து நிற்பார்கள். முதல் மரியாதை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாதா! கீழ்நாட்டிலிருந்து வந்த எனக்குத்தான் புரிய நாளானது. பிறகு அவருக்கு முழங்கால் வலி வந்து, என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போக ஆரம்பித்தார். அப்போதும் சீமாறு என் தோளுக்கு மேலே கொடிபோல நிற்கும்.

"நான் ஒண்ணுமில்லாதவ சாமி. ஆண்டவர் வாசல்ல குப்பை அள்ளுறவ" என்று எல்லோரிடமும் சொல்வார். யாராவது ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் அவர்கள் கதி அவ்வளவுதான்.

இந்தச் சீமாற்றின்மேல் கண் வைத்திருந்த இன்னொருவர் என் சின்னத்தை. மாமனாரின் தம்பி மனைவி, மாமியாருக்கு ஓரகத்தி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவள்ளிக் காடுதான். மாமியார் வாயைத் திறந்தால் மலை கேட்கும். சின்னத்தை பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மாமியார் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது சில வாரங்கள் சின்னத்தைதான் சர்ச்சைக் கூட்டினாராம். அதோடு விட்டிருக்கலாம். சபையில் யாரோ ஒரு புண்ணியவதி, "சின்னவ கூட்டுனா சர்ச்சே பளிச்சுன்னு இருக்குது" என்று பிள்ளை பார்க்க வந்த இடத்தில் சொல்லிவிட்டாள். பச்சை உடம்புக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை. பிறந்த பிள்ளை என் வீட்டுக்காரர். ஆக, சண்டைக்கும் அவருக்கும் ஒரே வயசு, இரண்டும் லேசில் அசையாது.

அன்றிலிருந்து ஒரே பெஞ்சில் இவர் இந்த ஓரம், அவர் அந்த ஓரம். "ஸ்தோத்திரம்" என்பதைக்கூடத் தாடையால் சொல்லிக்கொள்வார்கள். சின்னத்தை எங்கள் வாசல் மிதித்ததில்லை. எனக்குப் பிள்ளை பிறந்தபோது தன் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை ஆள் வைத்து அனுப்பினார். மாமியார் அதை வெட்டி ஆட்டுக்குப் போட்டார். ஆடு தின்றது, நான் வாயூறப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை.

போன வருஷம் புதிதாக ஒரு பாஸ்டர் வந்தார். சின்னப் பையன்தான், துடிப்பானவர். வந்ததும் யாரையோ பிடித்துத் தரைக்கு டைல்ஸ் போட்டார். பிறகு சேலத்திலிருந்து ஒரு மாப்பும், அதைப் போட்டுச் சுழற்றுகிற பக்கெட்டும் வாங்கி வந்து, இனி சுழற்சி முறையில் எல்லாக் குடும்பமும் துடைக்கலாம் என்று அறிவித்தார். மாமியார் எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணுமில்லாதவளுங்க. ஆனா அந்தப் பக்கெட்டு உள்ள வந்தா நான் வெளிய போயிருவேனுங்க."

பாஸ்டர் பக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டைத் துடைக்க வைத்துக்கொண்டார்.

மிளகு பறித்து முடிந்த சமயத்தில் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் தரையில் அங்கங்கே காய்ந்த பலா இலை கிடக்கும். பெஞ்சுக்கு அடியில் ஒன்று, நடைபாதையில் ஒன்று. மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும். பெண்கள் கிசுகிசுத்தார்கள். "பெரியம்மா முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். மாமியாரோ, "காத்துல வந்திருக்கும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். பூட்டியிருக்கிற சர்ச்சுக்குள் காற்று சாவி போட்டுத் திறந்துகொண்டா வந்தது?

நான் செம்மேட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். பலிபீடத்துக்குப் புதுத் துணி ஒன்று தைத்திருந்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க ஒரு சனிக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் போனேன். பக்கத்துக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தால், உள்ளே சின்னத்தை. முழங்காலிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்து முடித்ததும் ஓர் உரச்சாக்கை இழுத்தார். அதிலிருந்து காய்ந்த பலா இலையாக எடுத்து, பார்த்துப் பார்த்துத் தரையில் வைக்க ஆரம்பித்தார். ஒன்று இங்கே. ஓர் எட்டு தள்ளி ஒன்று அங்கே.

செய்வினை என்றுதான் முதலில் நினைத்தேன். கிறிஸ்தவளாகப் பிறந்து வளர்ந்தவள்தான், இருந்தாலும் அந்த நிமிஷத்தில் அதை நம்பிவிட்டேன். மாமியார்மேல் எனக்குப் பெரிய பாசம் கிடையாது, ஆனால் அவருக்கு யாராவது செய்வினை வைப்பதானால் அந்த உரிமை எனக்குத்தான் முதலில் என்று ஓர் எண்ணம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"என்ன சின்னத்தை பண்றீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாத கண்ணு. பசங்க பாட்டு பிராக்டிசுக்கு வர நேரம்."

"துடைச்ச தரையில எதுக்குக் குப்பையப் போடுறீங்க?"

"உங்கத்தைக்குக் கண்ணு தெரியல."

எனக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாமல் போகுமா என்றேன்.

"ஒரே ஊட்டுல இருந்தா தெரிஞ்சுருமா?" என்றார் சின்னத்தை. "களத்துல மிளகு காயவெச்சப்பப் பாத்தேன். மிளகக் கீழ போட்டுட்டுக் காம்பக் கூடையில போடுறாங்க. திருவிருந்துல எனக்கு முன்னால நின்னாங்க. கிண்ணத்துக்குக் கைய நீட்டுனாங்க. கை பக்கத்துல போச்சு."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்ததை மாமியாரின் திமிர் என்று நினைத்திருந்தேன். என் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதை வம்பு என்று நினைத்திருந்தேன். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது, மனுஷி வாயைத் திறக்கவில்லை.

"அழுக்கு இருக்கற இடம் அவங்களுக்குத் தெரியறதில்ல. அதனால நான் முன்னாலயே தொடச்சிருவேன்" என்றார். "ஆனா தரையில ஒண்ணுமே இல்லாட்டி, வெறும் தரையத் தடவுறாங்கன்னு பசங்களுக்குத் தெரிஞ்சுருமல்ல? பலா எலை பெருசு. சீமாறு பட்டா சரசரன்னு சத்தம் போடும். சத்தத்தப் புடிச்சுக் கூட்டிட்டே போயிருவாங்க."

பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் படியருகே மட்டும் ஓர் இலைகூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்க போட்டா படிகிட்டப் போவாங்க. விழுந்துருவாங்க."

நான் கோபப்பட்டேன். எனக்கு அது ஒன்றுதான் வரும். இத்தனை வருஷம் இந்தச் சீமாற்றுக்குத்தானே ஆசைப்பட்டீர்கள், அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிடுமே என்றேன்.

"ஆசைதான். இன்னிக்கும் ஆசைதான்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "ஆனா அதப் புடுங்கிட்டா உங்கத்தை படுத்துருவாங்க. படுத்தா எந்திரிக்க மாட்டாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத சாமி."

அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். மாமனார் போனபோது மாமியார் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். சனிக்கிழமை வந்ததும் எழுந்து குளித்து சீமாற்றை எடுத்தார். அவரை எழுப்பியது மகனும் இல்லை, மருமகளும் இல்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல மாமியாரைக் கொண்டுவந்து இறக்கினேன். பசங்க வாசல்படியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் கம்பீரமாக உள்ளே போய்க் கூட்ட ஆரம்பித்தார். அவர் கூட்டும்போது சத்தமாக ஜெபம் பண்ணுவார். ஜெபம் என்பது நாங்கள் வைத்த பெயர். "ஆண்டவரே, சில பேருக்கு இந்தச் சீமாத்து மேல கண்ணு. அவங்களுக்குப் புத்தி குடும். ஆண்டவரே, பேரனுக்கு ஜுரம் விட்டுருச்சு. மிளகு இந்த வருசம் பரவால்ல. எனக்கு முழங்கால் வலி, மருமகக்காரி தைலம் தேச்சுவிடறேன்னு சொல்றதோட சரி." பக்கத்துக் கதவுக்குப் பின்னால் சின்னத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைத் திட்டுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு, சீமாறு படியருகே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கூட்டி முடிக்கும்வரை நகரவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அத்தை, சேலத்துல கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு தடவை போயிட்டு வருவோமா?" என்று பக்குவமாகக் கேட்டேன்.

"எதுக்கு? எங்கண்ணுக்கு என்ன கேடு? செம்மேட்டுல நிக்கற பஸ்ஸு நம்பர இங்கிருந்தே சொல்லுவேன்" என்று எழுந்தவர் நேராகக் கதவில் முட்டிக்கொண்டார். "எவ இந்தக் கதவச் சாத்துனவ!" என்று கத்தினார். கதவு சாத்தியே இல்லை, அவர் முட்டியது நிலைச்சட்டத்தில். என் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை கெடுத்தது. பாஸ்டர் வேதபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் இறங்கி வந்து பிரசங்கம் பண்ணுகிறவர். அன்றைக்குத் தலைப்பே தாழ்மை. ஆண்டவர் எவ்வளவு கீழே இறங்கி வந்தார் தெரியுமா என்று கேட்டபடி ஓர் எட்டு எடுத்துவைத்தார். காலுக்கடியில் ஒரு பலா இலை. டைல்ஸில் வழுக்கி, அங்கியோடு உட்கார்ந்த வாக்கில் தரையில் விழுந்தார். ஆண்டவர்கூட அவ்வளவு வேகமாக இறங்கியிருக்க மாட்டார். நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். பெரிதாக அடி ஒன்றுமில்லை, மானத்துக்குத்தான் காயம்.

ஆராதனை முடிந்ததும் யாரும் போகக்கூடாது, சபைக் கூட்டம் என்றார் பாஸ்டர். முழங்கால் வலிக்காரி என்பதால் மாமியாருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். ஆணியில் தொங்கவேண்டிய சீமாறு அன்றைக்கு அவர் மடியில் இருந்தது. முந்தின நாள் கூட்டிவிட்டுச் சர்ச்சிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படி மறந்ததே கிடையாது.

இரண்டாம் வீட்டு மூப்பர் தொண்டையைச் செருமினார். "பெரியம்மா இத்தன காலம் கூட்டுனாங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்ப வயசாயிருச்சுங்க. குப்பை நிக்குது, ஐயா விழுந்துட்டாரு. மருமக கீழ்நாட்டுப் புள்ள, கடைக்குப் போறவ. முறைப்படி பாத்தா அடுத்தது அதே மூத்த ஊட்டுல இளையவரு ஊடு. சின்னம்மாகிட்டக் குடுத்தரலாமுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு சுலபமாக ஆட்டினார்கள்! மாமியார் சீமாற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு துடைப்பத்துக்காக ஒரு மனுஷி இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அன்று முடியவில்லை.

சின்னத்தை எழுந்தார். என் வீட்டுக்காரர் வயசு அளவுக்குக் காத்திருந்தவர். வாங்கிக்கொள்ளத்தான் எழுகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

"அந்த எலையெல்லாம் நான் போட்டதுங்க" என்றார்.

வழக்கம்போல மெல்லிய குரல். மூப்பர் என்ன என்று கேட்டார். சின்னத்தை கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னார்.

"நாந்தானுங்க போட்டேன். பொறாமைல போட்டேன். அக்கா நல்லாத்தான் கூட்டுறாங்க. அவங்க போனப்புறம் நான் வந்து போட்டுருவேன். சீமாறு எனக்கு வேண்டாமுங்க. அவங்ககிட்டயே இருக்கட்டும்."

சர்ச் முழுக்க இரைச்சல். சாத்தானே என்றுகூட ஒருத்தி கத்தினாள். ஐயா இடுப்பு ஒடிந்திருந்தால் யார் பதில் சொல்வது என்றார் மூப்பர். இளைய வீட்டுக்கு இனி எந்த உரிமையும் கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். பாஸ்டர் எல்லோரையும் அமர்த்திவிட்டு, பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று சின்னத்தையிடம் சொன்னார். நான் கொதித்துப்போய் எழுந்தேன். சின்னத்தை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. நான் உட்கார்ந்தேன். என் வாயை அடக்க யாராலும் முடிந்ததில்லை, அவரால் முடிந்தது.

அவர் மாமியார் முன்னால் போய் முழங்காலிட்டார். "மன்னிச்சுருங்கக்கா."

"அவ பொய் சொல்றாங்கய்யா" என்றார் மாமியார்.

பாஸ்டர் விழித்தார். மாமியார் அவர் நிற்பதாக நினைத்த திசையைப் பார்த்துப் பேசினார். அங்கே சுவர்தான் இருந்தது.

"எனக்குக் கண்ணு தெரியலீங்க. ரொம்ப நாளாச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு நெழல் தெரியும், அவ்வளவுதான். சர்ச்சக் கூட்டுறது நானில்லீங்க. அவதான்."

பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை, என்னிடம் சொல்லாததை, கதவில் முட்டிக்கொண்டும் ஒத்துக்கொள்ளாததை, அத்தனை பேர் முன்னால் சொன்னார். என் வீட்டுக்காரர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அழுதேன். எனக்கு இந்த மனுஷியைப் பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோபப்பட்டது சின்னத்தை ஒருத்திதான். முழங்காலில் இருந்தபடியே நாற்காலியைப் பிடித்து உலுக்கினார். "ஏனக்கா சொன்னீங்க? யாரு கேட்டா உங்கள? சாக்கு சாக்கா எலை பொறுக்கி, ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து, இத்தன நாள் நான் பட்டதெல்லாம் என்னத்துக்கு? இப்படிப் போட்டு ஒடச்சுட்டீங்களே!"

"நீ வாரது எனக்குத் தெரியாதா?" என்றார் மாமியார். "சர்ச்சச் சுத்திச் சில்வர் ஓக் மரம். பலா எலைக்குக் காலா மொளச்சுது?"

"தெரிஞ்சும் ஏன் கூட்டுனீங்க?"

"விட்டுட்டா நீ எதுக்கு வரப்போற?"

சின்னத்தை நாற்காலியை உலுக்குவதை விட்டார்.

"கதவுக்குப் பின்னாடி நிப்பேல்ல" என்றார் மாமியார், குரல் இறங்கி. அவர் குரல் இறங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "பேரனுக்கு ஜுரம் விட்டது ஆண்டவருக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? உனக்குத்தான் சொன்னேன். நம்ம ஊட்டுச் சேதிய வேற எப்படிச் சொல்றது உனக்கு."

பாஸ்டர் ஏதோ ஜெபம் ஆரம்பிக்க வாயைத் திறந்தார், நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

மாமியார் சீமாற்றைக் காற்றில் நீட்டினார். சின்னத்தை இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். சின்னத்தை கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாமுங்கக்கா."

"புடி புள்ள. கை வலிக்குது."

கொஞ்ச நேரம் சீமாறு அப்படியே நடுவில் நின்றது. பிறகு சின்னத்தை வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், மூப்பரையும் பார்க்கவில்லை, பாஸ்டரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். கூட்டம் மிதித்து நொறுக்கிய பலா இலைத் தூள் நாற்காலியைச் சுற்றிக் கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார்.

"அக்கா, காலத் தூக்குங்க" என்றார்.

மாமியார் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.